ஆல்டோவுக்கு முதலில் எது: 13 அங்குல ரிம்மா, பிரேக் வேலையா?

லிந்துலை_800
என்னுடையது 2015 ஆல்டோ 800. ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீற்றர் ஓடிவிட்டது. தினமும் நுவரெலியாவுக்கு வேலைக்குப் போகிறேன், மாதத்தில் இரண்டு தடவை ரம்பொடை வழியாகக் கண்டிக்கும் போவேன். போன ஞாயிறு குடும்பத்தோடு இறங்கும்போது, ரம்பொடைக்குக் கொஞ்சம் மேலே பிரேக் மிதி பஞ்சு மாதிரி அடிவரை அமிழ்ந்துவிட்டது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கையும் மெதுவாக இழுத்து, ஒரு மரக்கறிக் கடை முன்னால் நிறுத்தினேன். முன் சக்கரத்தில் கருகிய நாற்றம். அம்மாவின் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. அரை மணி நேரத்தில் மிதி பழையபடி இறுகிவிட்டது. பிரேக் பேட் (டிஸ்க்கை இறுக்கும் கட்டை) மாற்றினால் போதும் என்கிறார் கராஜ் பாஸ். 13 அங்குல அலோய் ரிம் போடு என்கிறான் நண்பன். இரண்டுக்கும் சேர்த்துக் காசில்லை.

கம்பளைக்காரன்
தம்பி, நண்பன் சொல்வதைக் கேளுங்கள். நானும் இதே கார்தான் வைத்திருக்கிறேன். 145/80 R12, அதாவது 12 அங்குல டயரை எடுத்துவிட்டு 13 அங்குல 155/65 R13 போட்டு இரண்டு வருடம் ஆகிறது. மழையில் கொண்டை ஊசி வளைவுகளில் முன்பு முன்பக்கம் வெளியே இழுக்கும், இப்போது அது இல்லை. 12 அங்குலத்தில் நல்ல டயர் தேடி அலைய வேண்டும், 13இல் தெரிவு அதிகம். இன்னொன்று, இறக்கத்தில் நியூட்ரலில் விடுங்கள். பெற்றோலும் மிச்சம், என்ஜினுக்கும் ஓய்வு.

பழைய_லொறி
நியூட்ரலில் விடாதீர்கள் தம்பி, கும்பிட்டுக் கேட்கிறேன். முப்பது வருடம் தேயிலை லொறி ஓட்டியவன் நான். ஏறின கியரிலேயே இறங்கு என்றுதான் எனக்குச் சொல்லித் தந்தார்கள். நுவரெலியா 1,868 மீற்றர், கண்டி ஏறத்தாழ 500. அவ்வளவு உயரத்தையும் கழிக்கிற வேலையை முன் சக்கரங்களின் இரண்டு சின்ன பிரேக் டிஸ்க்கின் தலையில் கட்டினால் அவை என்ன செய்யும்? எந்தக் கியரில் இறங்கினீர்கள்?

லிந்துலை_800
நான்காவதில், ஐயா. சில இடங்களில் நியூட்ரல்தான்.

பண்டாரவளை_டீச்சர்
அப்படியென்றால் காரணம் தெரிந்துவிட்டது. மிதி கல் மாதிரி இறுகியிருந்தும் கார் நிற்காவிட்டால் அது பேட் சூடேறியதால். மிதியே அமிழ்ந்தால் பெரும்பாலும் பிரேக் ஒயில் கொதித்திருக்கிறது. அந்த ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 வகை ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகையில்தான் கொதிக்க வேண்டும். ஈரம் ஏறினபிறகு அதற்கான அளவு 140 பாகைதான். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி வரும். நீங்கள் மிதிக்கும்போது குமிழிதான் நசுங்குகிறது, பேட் டிஸ்க்கை இறுக்குவதில்லை. ஆறினதும் குமிழி மறைந்துவிடும், அதனால்தான் மிதி திரும்பி வந்தது. ஒயில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?

லிந்துலை_800
நான் வாங்கி ஐந்து வருடம். ஒருமுறையும் மாற்றவில்லை அக்கா.

கம்பளைக்காரன்
ஒயில் மாற்றட்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நியூட்ரலில் பெற்றோல் மிச்சமாவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். முன்பு வைத்திருந்த மாருதி 800இல் கணக்கு எழுதியே வைத்தேன்.

பண்டாரவளை_டீச்சர்
அந்தக் காரில் நீங்கள் சொல்வது சரியாக இருந்திருக்கும் அண்ணா, அது கார்புரேட்டர் மாருதி என்றால். அதில் கியரில் இறங்கினாலும் என்ஜின் சுற்றுகிற வேகத்துக்குப் பெற்றோலை உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கும். ஆல்டோ 800 இன்ஜெக்டர் வண்டி. கியரில் இருக்க எக்ஸிலேட்டரை விட்டால், சுற்று ஐட்லுக்குக் கிட்ட இறங்கும்வரை பெற்றோல் வெட்டப்பட்டுவிடும். நியூட்ரலில் விட்டால்தான் என்ஜின் அணையாமலிருக்கச் செலவாகும். பிரேக்கையும் கெடுத்துப் பெற்றோலையும் செலவழிப்பது எதற்கு?

கம்பளைக்காரன்
சரி, இது எனக்குத் தெரியாது. இனி கியரில் இறங்கிப் பார்க்கிறேன். ஆனால் ரிம் விஷயத்தில் மாறமாட்டேன். பிரேக் சக்கரத்தைத்தான் பிடிக்கும், ரோட்டைப் பிடிப்பது டயர். அலோய் போட்டால் டிஸ்க்குக்குக் காற்றும் கூடுதலாகப் போகும்.

பழைய_லொறி
ரிம்மை மாற்றினாலும் உள்ளே இருப்பது அதே டிஸ்க்தானே. அதோடு தோட்டத்து ரோட்டை மறந்துவிட்டீர்கள். 145/80இல் டயரின் பக்கச்சுவர் 116 மில்லிமீற்றர். உங்கள் 155/65இல் 101. அந்தப் பதினைந்து மில்லிமீற்றர்தான் குழியில் விழும்போது ரிம்மைக் காப்பாற்றுவது. லிந்துலையிலிருந்து உள்ளே அக்கரப்பத்தனை, டயகம பக்கம் ஒரு மழைக்காலம் ஓடிப் பாருங்கள்.

கம்பளைக்காரன்
ஓடியிருக்கிறேன் ஐயா. ஒரு ரிம்கூட வளையவில்லை. குழியைப் பார்த்து மெதுவாகப் போனால் 101 போதும். தேய்ந்த 12 அங்குலத்தில் மழையில் இறங்குவதுதான் எனக்குப் பயம்.

பண்டாரவளை_டீச்சர்
அதனால் முதலில் இப்போதிருக்கிற டயரைப் பாருங்கள் தம்பி. பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016இன் 23ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் (டயரின் மேல் வெட்டு) தேயாமல் இருந்தாலும் ரப்பர் காய்ந்த டயர் ஈர ரோட்டில் பிடிக்காது. மிஞ்சின காசில் வெள்ளை எல்இடி மட்டும் போட்டுவிடாதீர்கள். ஹலோஜனுக்குச் செய்த லைட்டுக்குள் அதைப் போட்டால் ஒளி சிதறும். நானுஓயா மிஸ்ட்டில் அது வெள்ளைச் சுவராகத் திரும்பி உங்கள் கண்ணில்தான் அடிக்கும்.

லிந்துலை_800
இன்று கராஜில் கூடவே நின்று பார்த்தேன். பிரேக் ஒயிலைப் போத்தலில் எடுத்தபோது பிளேன்டீ நிறம். புதியது இளமஞ்சளாகக் கண்ணாடி மாதிரி இருந்தது. டொட் 4 போட்டோம், நான்கு சக்கரத்துப் பிரேக் குழாயிலும் இருந்த காற்றை வெளியே எடுத்தோம், முன் பேட் இரண்டு பக்கமும் புதிது. பின் பிரேக் டிரம்மைக் கழற்றினால் ஒரு பக்கத்துச் சிலிண்டர் கசிந்து பிரேக் ஷூ எல்லாம் ஒயில். அதையும் மாற்றியாயிற்று. அலோய்க் காசில் பாதி போய்விட்டது. பின் டயர் இரண்டும் 2017. மிச்சக் காசுக்கு 12இலேயே இரண்டு டயர் விசாரித்திருக்கிறேன்.

மாலையில் நுவரெலியாவிலிருந்து நானுஓயா வரை இரண்டாம் கியரில் இறங்கினேன். என்ஜின் இரைந்தது, பின்னால் வந்த வான்காரர் ஹோர்ன் அடித்தார். நிறுத்திச் சக்கரத்தருகே கை வைத்துப் பார்த்தேன், இளஞ்சூடுதான்.

கம்பளைக்காரன்
நல்லது தம்பி. புதிய டயரை முன்னால் போடுகிறீர்களா, பின்னாலா?

பழைய_லொறி
பின்னால் போடச் சொல்லுங்கள். ஈர வளைவில் பின்பக்கம் சுழன்றால் திருப்பி எடுக்க முடியாது.

கம்பளைக்காரன்
முன்னால்தான் ஐயா. இழுப்பதும் திருப்புவதும் முன் சக்கரம். நாளைக்கு விரிவாக எழுதுகிறேன்.