மேடையில் கேட்ட பேச்சாளர்கள்: உங்கள் அனுபவம்

எங்கள் வீட்டில் மைக் செட் தொழில். திருவிழா, கட்சிக் கூட்டம், பட்டிமன்றம் எதுவானாலும் மேடைக்குப் பக்கத்தில் ஆம்ப்ளிஃபயரோடு உட்கார்ந்திருப்பேன். நோட்டீஸில் எல்லாரும் 'சொல்லின் செல்வர்'தான். கம்பன் பாட்டில் ராமன் அனுமனைப் பார்த்துச் சொன்னது, இப்போது வட்டச் செயலாளர் வரைக்கும் வந்துவிட்டது.

பலர் மேடையேறியதும் மைக்கை இரண்டு தட்டு தட்டுவார்கள். எனக்கு வயிற்றெரிச்சல். எடுத்த எடுப்பிலேயே தொண்டை கிழியக் கத்துவார்கள். நான் வால்யூமைக் குறைக்க, சத்தம் பத்தவில்லை என்று அவர்கள் இன்னும் கத்த, ஸ்பீக்கர் குழாய் கரகரக்கும்.

ஒரு பங்குனி உத்திரத்துக்குக் கம்பராமாயணம் பேச ஒரு பெரியவர் வந்தார். பஸ்ஸில் இறங்கி, மஞ்சள் பையோடு நேராக என்னிடம்தான் வந்தார். "தம்பி, கடைசிக் குழாய எங்க கட்டியிருக்கீங்க?"

"தேர்முட்டில ஐயா. எரநூறு மீட்டர் இருக்கும்."

தலையாட்டிவிட்டுப் போனார். ஏன் கேட்டார் என்பது அவர் பேசும்போதுதான் புரிந்தது. ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். தேர்முட்டிக் குழாயின் சத்தம் மேடைக்கு வந்து சேர அரை விநாடிக்கு மேல் ஆகும். வேகமாகப் பேசினால் முந்தின சொல்லே வந்து அடுத்த சொல்லின் மேல் விழும். அவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் முடித்து, தூரத்துக் குழாயும் சொல்லி முடிக்கட்டும் என்று விட்டுத்தான் அடுத்ததை எடுத்தார். சனம் அதை நிதானம் என்று ரசித்தது. சீதை உயிரை விடத் துணியும் இடத்தில் குரலைத் தாழ்த்தி, மைக்கை ஒட்டி வந்தார். நான் குமிழைத் தொடவே இல்லை. பலூன்காரர் ஊதலை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

•

நான் யாழ்ப்பாணம். நாவலர் என்றால் எங்களுக்கு முதலில் நினைவு வருவது நல்லூர் ஆறுமுக நாவலர்தான். பேர்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்புக்குத் துணை நின்றவர். பாதிரிமார் பிரசங்கம் செய்யும் விதத்தைக் கிட்ட இருந்து பார்த்து, அதையே சைவத்துக்குப் பயன்படுத்தினார். 1847 கடைசியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தொடங்கி, வெள்ளிக்கிழமைகளில் பிரசங்கம். 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் 'நாவலர்' பட்டம் கொடுத்தது. மைக் இல்லாத காலம், அண்ணை!

சின்ன வயதில் எங்கள் கோயிலில் கந்தபுராணப் படிப்புக்குப் போவேன். ஒருவர் பாட்டைப் படிக்க, மற்றவர் பயன், அதாவது பொருள், சொல்லுவார். முன்வரிசைக் கிழவர்களுக்குப் பாட்டு மனப்பாடம். பயன் கொஞ்சம் பிசகினாலும் தொண்டையைச் செருமுவார்கள். அவர்களுக்கு முன்னால் பேசிப் பெயர் எடுப்பது லேசில்லை. எங்களுக்குப் பயன் சொன்னவர் கையைக்கூட ஆட்டமாட்டார். சூரன் போரை மடியில் கைவைத்தபடியே சொல்லி முடித்தார்.

•

'வார்த்தை பதினாயிரத் தொருவர்' என்று ஔவையார் பாட்டு ஒன்று உண்டு. நல்ல புலவர் ஆயிரத்தில் ஒருவராம், பேச்சாளர் பத்தாயிரத்தில் ஒருவராம். மைக் செட் அண்ணே, அந்தப் பெரியவர் பட்டம் ஏதாவது போட்டுக்கொள்வாரா?

•

நோட்டீஸில் வெறும் பேர்தான் இருந்தது. பேசி முடித்து இறங்கியவர், கடைசி பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று பொன்னாடையை மஞ்சள் பைக்குள் திணித்துக்கொண்டே, "எக்கோவக் கொஞ்சம் கொறைங்க தம்பி, கம்பனுக்கு அது வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.