பனிதாங்கியா, உலர்குளிர்தாங்கியா? பீப்பாய்க் கள்ளிக்கான அடைமொழி குறித்து

அன்புள்ள நண்பர்களுக்கு,

கடுங்குளிரைத் தாங்கும் ‘பேரல் காக்டஸ்’ (barrel cactus) செடியைத் தமிழில் ‘பனிதாங்கிப் பீப்பாய்க் கள்ளி’ என்று அழைக்கலாம் என இங்கு முன்மொழிந்திருந்தீர்கள். அதில் பீப்பாய்க் கள்ளி என்ற பெயரில் எனக்கு மறுப்பில்லை. சதுரக்கள்ளியையும் திருகுகள்ளியையும் போல ஒடித்தால் பால் வடிவதே கள்ளி, இச்செடியில் பாலே இல்லையே என்று இங்கு எழுப்பப்பட்ட வாதம் தாவரவியல்படி சரியானதே. ஆனாலும், அமெரிக்காவிலிருந்து வந்த சப்பாத்திக்கள்ளியை நம் மக்கள் என்றோ கள்ளியாக ஏற்றுவிட்டார்கள். அந்த வழக்கை இனிக் கலைக்க வேண்டாம்.

என் கவலையெல்லாம் ‘பனிதாங்கி’ என்ற அடைமொழியைப் பற்றியது. பனி என்றதும் தமிழர் மனத்தில் முதலில் தோன்றுவது மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் ஈரம். இந்தச் செடிக்குக் கேடு செய்வதோ குளிரோடு சேர்ந்த ஈரம்தான். ‘பனிதாங்கி’ என்றால் அந்த ஈரத்தையும் தாங்கும் என்றாகிவிடும்.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ, அரிசோனா மாநிலங்களின் சரளைச் சரிவுகளில் இயல்பாக வளரும் ஃபெரோகாக்டஸ் விஸ்லிசெனி என்ற பீப்பாய்க் கள்ளியை எடுத்துக்கொள்வோம். கூதிர்காலத்தில் இது உள்நீரை மெல்ல இழந்து, விலா மடிப்புகள் ஒன்றையொன்று நெருங்கும்படி சுருங்குகிறது. சாறு சுண்டிக் கரைபொருள்கள் செறிவதால் அதன் உறைநிலை சற்றுத் தாழ்கிறது. அதையும் மீறி உறைந்தால், பனிக்கட்டி பெரும்பாலும் உயிரணுக்களுக்கு வெளியே உருவாவதால் திசு பிழைத்துக்கொள்கிறது. உச்சியிலுள்ள குருத்தை முள்ளும் பஞ்சும் போர்வைபோல் காப்பதைத் தாவர உடலியலாளர் பார்க் நோபல் அளந்தே காட்டியிருக்கிறார். வேர்மண் காய்ந்திருந்தால், வளர்ந்த செடி உறைநிலைக்குக் கீழே 10 பாகை செல்சியஸ் அளவுக் குளிரையும் தாங்கும்.

நியூ மெக்சிகோவில் உள்ள என் தோட்டத்தில் இதை இழப்பின் மூலமே கற்றேன். ஒரே நாளில், ஒரே அளவில் வாங்கிய இரண்டு செடிகளில், களிமண் பாத்தியில் ஓராண்டு அக்டோபர் கடைசி வரை நீர் பெற்றது முதல் கடுங்குளிர் வாரத்திலேயே அடி கூழாகிச் சாய்ந்தது. பத்தடி தள்ளி, சரளையும் நுரைக்கல்லும் கலந்த மேட்டில் செப்டம்பரிலேயே நீர் நிறுத்தப்பட்ட மற்றொன்று அதே இரவுகளைப் பழுதின்றிக் கடந்தது. சாய்ந்தது நான் எட்டாண்டு வளர்த்த செடி. இன்னும் மனம் ஆறவில்லை.

ஆகவே ‘உலர்குளிர்தாங்கி’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். சுமைதாங்கி, இடிதாங்கி எனப் பழகிய அமைப்பு என்பதால் நாவில் எளிதில் நிற்கும். ‘குளிர்தாங்கி’யே போதுமே, சுருக்கமாக இருக்கிறதே எனலாம், ஆப்பிள் மரமும் குளிர்தாங்கிதான், ஆனால் அதன் குளிர்காலத்துக்கு உலர்மண் தேவையில்லை. எனவே ‘குளிர்தாங்கி’யைப் பொதுச்சொல்லாக வைத்துக்கொண்டு, கள்ளிகளுக்கு மட்டும் ‘உலர்’ என்பதைச் சேர்ப்போம்.

செடி குளிருக்குத் தன்னை ஆயத்தப்படுத்தும் நிகழ்வுக்கு ‘வன்மையூட்டல்’ என்று பரிந்துரைத்திருந்தீர்கள். யாரோ வெளியிலிருந்து ஊட்டுவதுபோல் அது ஒலிக்கிறது. கரும்புச்சாறு சுண்டிப் பாகுபதத்துக்கு வருவதுபோலச் செடிக்குள் சாறு சுண்டுவதால், ‘குளிர்ப்பதம்’ எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. “செப்டம்பரில் நீரை நிறுத்தினால் நவம்பருக்குள் குளிர்ப்பதம் வந்துவிடும்” என்று ஒரு தோட்டக்காரரிடம் சொன்னால் விளக்கமின்றிப் புரியுமா என்று உங்களில் செடி வளர்ப்பவர்கள் சொல்லிப் பார்த்து எழுதுங்கள்.