2009 மைவி காருக்கு பிளேயர் மாத்தணும்: புளூடூத்தும் ஒயரும் ரெண்டும் சுத்தமா கேக்கணும்

நாலாங்கட்டை:
வணக்கம். மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல இருக்கேன். காடி 2009 பெரோடுவா மைவி. இப்ப இருக்குற பழைய பிளேயர்ல ஆக்ஸ் ஒயர் குத்தி பாட்டு போட்டுக்கிட்டே லைட்டர் சாக்கெட்ல போனை சார்ஜ் போட்டா 'ஙீ...'ன்னு ஒரு சத்தம். எண்ணெய் மிதிச்சா அதுவும் சேர்ந்து ஏறுது. கையில 600 வெள்ளி இருக்கு. கடையில ரெண்டு காட்டுறாங்க. ஒண்ணு பேர் தெரிஞ்ச பிராண்டு, பெரிய ஸ்கிரீன் இல்லாத ரெண்டு டின் (காடி பிளேயரோட உயர அளவு) பிளேயர். புளூடூத், யூஎஸ்பி, ஆக்ஸ் மூணும் இருக்கு. இன்னொண்ணு 9 இஞ்சு ஆண்ட்ராய்டு. அட்டையில '4x50 வாட், டிஎஸ்பி, எல்டிஏசி'ன்னு போட்டிருக்கு. எனக்கு ஐபோன், வீட்டுக்காரம்மாவுக்கு சாம்சுங். எது எடுக்கலாம்?

சோல்டர்கம்பி:
தம்பி, அட்டையில இருக்குறத முதல்ல ஒதுக்கி வைங்க.

50 வாட்ங்கிறது உச்சக் கணக்கு. எஞ்சின் ஓடும்போது கிடைக்கிறது 14.4 வோல்ட். அத அப்படியே 4 ஓம் ஸ்பீக்கர்ல போட்டாலும், சிதையாத ஒலிக்கு ஏட்டுக் கணக்குலயே 26 வாட்தான் வரும். ஐசி-ல (பிளேயருக்குள்ள ஒலிய பெருக்குற சிப்) போற இழப்பு கழிச்சா 18, 20. ரெண்டு பிளேயரும் இதுல ஒரே சாதிதான். மலிவு பெட்டிய வால்யூம் முக்கால்வாசிக்கு மேல ஏத்தினா கரகரன்னு வரும். அது ஸ்பீக்கர் குத்தம் இல்ல, ஐசி-க்கு மூச்சு முட்டுது.

எல்டிஏசி சோனியோட கோடெக், அதாவது புளூடூத்துல பாட்ட சுருக்கி அனுப்புற முறை, 990 கேபிபிஎஸ் வரைக்கும் போகும். ஆனா ஐபோன் அத பேசாது, ஆப்டெக்ஸ்ங்கிற இன்னொரு கோடெக்கையும் பேசாது. ஏஏசி, எஸ்பிசி ரெண்டே ரெண்டுதான். அதனால உங்க போனுக்கு அந்த எழுத்து வெறும் மை. சாம்சுங்குக்கு ஆகும், ஆனா பிளேயர்லயும் உண்மையிலேயே இருக்கணும். கடையிலயே பாத்துடலாம்: சாம்சுங் போனை பிளேயரோட ஜோடி சேர்த்து பாட்டு ஓட விட்டுட்டு, போன் செட்டிங்ஸ்ல மறைஞ்சிருக்குற டெவலப்பர் ஆப்ஷன்ஸ்ல புளூடூத் ஆடியோ கோடெக் என்னன்னு பாருங்க. எஸ்பிசி-ன்னு காட்டினா அட்டைய சந்தேகப்படுங்க. (யூடியூப்ல உருவின பாட்டுக்கு எல்டிஏசி கேக்குறவங்களும் இருக்காங்க, அது வேற கதை.)

இப்ப அந்த 'ஙீ'. சார்ஜர உருவிப் பாருங்க. உடனே நின்னா கிரவுண்ட் லூப்: சார்ஜர் வழியா ஒரு கிரவுண்ட், ஆக்ஸ் வழியா இன்னொண்ணு, ரெண்டுக்கும் நடுவுல ஆல்டர்னேட்டர் (எஞ்சின்ல கரண்ட் தயாரிக்கிறது) இரைச்சல் சுத்துது. பிளேயர மாத்தினாலும் இதே மாதிரி குத்தினா திரும்ப வரும். ஆக்ஸ் ஒயர்ல கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் போட்டா நிக்கும். உள்ள இருக்கறது குட்டி டிரான்ஸ்ஃபார்மர், மலிவா வாங்கினா பேஸ் கொஞ்சம் மெலியும். அதவிட யூஎஸ்பி-ல குத்துங்க. பாட்டு டிஜிட்டலா போகும், சார்ஜும் அதே ஒயர்ல ஏறும், லூப்புக்கு வேலையே இல்ல.

சார்ஜர உருவியும் நிக்கலன்னா பிளேயரோட கறுப்பு கிரவுண்ட் ஒயர சந்தேகப்படுங்க. எஞ்சின் ஓடும்போது கறுப்பு ஒயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவுல மீட்டர் வைங்க. 0.1 வோல்ட்டுக்கு மேல காட்டினா, பெயிண்ட சுரண்டிட்டு பாடி போல்ட்ல நேரா இறுக்குங்க.

பொருத்தும்போது பழைய சாக்கெட்ட வெட்ட விடாதீங்க. பெரோடுவாவுக்கு டொயோட்டா வகை 10 முனை, 6 முனை அடாப்டர் ஒயர் கிடைக்குது. மஞ்சள் எப்பவும் 12 வோல்ட், சிவப்பு சாவி போட்டா மட்டும். ரெண்டும் மாறிப் போச்சுன்னா, சாவிய எடுக்குற ஒவ்வொரு தடவையும் ஸ்டேஷனும் செட்டிங்கும் அழியும். ஸ்பீக்கர் மைனஸ பாடியில தொட்டுடாதீங்க, ஐசி அப்பவே போயிடும். இணைப்புக்கு ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடச் சொல்லுங்க. வெயில்ல நிக்கிற காடியில கறுப்பு டேப்போட பசை இளகி, ஆறு மாசத்துல ஒயர் அம்மணமா நிக்கும்.

என் ஓட்டு முதல் பிளேயருக்குத்தான்.

மேட்டுலயம்:
அண்ணன் சொன்னதுல ஒண்ணு சேத்துக்கணும். ஐபோன்காரருக்கு ஒயர் இல்லாம நல்ல ஒலி வேணும்னா கோடெக்க பாக்குறத விட வயர்லெஸ் கார்பிளே (ஐபோன பிளேயரோட ஒயர் இல்லாம சேர்க்குற வசதி) இருக்கான்னு பாக்கலாம். புளூடூத் கை குலுக்குறதோட சரி, பாட்டு வைஃபை-ல போகுது. புளூடூத்தோட பிழிசல் கிடையாது. ஆண்ட்ராய்டு போனுக்கான வயர்லெஸ் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் அதே மாதிரிதான். ஆண்ட்ராய்டு 11-ம் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் இருக்கணும். குறை என்னன்னா, போன் சூடாகும், பேட்டரி வேகமா இறங்கும்.

ஆண்ட்ராய்டு பெட்டியில இருக்குற டிஎஸ்பி (ஒலிய டிஜிட்டலா திருத்துற சிப்) உண்மையானதா இருந்தா அதுக்கு மதிப்பு உண்டு. மெனுவுல டைம் அலைன்மென்ட் (ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனியா தாமதம் வைக்கிறது) இருக்கான்னு தொட்டுப் பாருங்க. ஓட்டுநர் காதுல இருந்து வலது கதவு ஸ்பீக்கர் 80 செமீ, இடது 125 செமீன்னு வைங்க. 45 செமீ வித்தியாசம். ஒலி 1 மில்லிசெகண்டுல 34 செமீ போகும், அதனால வலதுக்கு 1.3 மில்லிசெகண்ட் தாமதம் கொடுங்க. பாடகர் குரல் வலது கதவுல இருந்து எழுந்து ஸ்டீயரிங்குக்கு நேரா வந்து நிக்கும். கதவு ஸ்பீக்கருக்கு ஹை பாஸ் (அதுக்குக் கீழ இருக்குற பேஸ வெட்டுறது) 80 ஹெர்ட்ஸ் வச்சா கரகரப்பும் குறையும். வெறும் ஈக்குவலைசர் பட்டைய மட்டும் காட்டி 'டிஎஸ்பி'ன்னு சொன்னா விட்டுடுங்க.

நாலாங்கட்டை:
ரெண்டு பேருக்கும் நன்றி. சார்ஜர உருவினதும் சத்தம் நின்னுடுச்சு. முதல் பிளேயரே எடுக்குறேன். அதுல பெண்டிரைவ் பாடுமா? அப்புறம், செம்பனைக்குள்ள போனா மின்னல் எஃப்எம் இப்பவே இழுக்குது. புது பிளேயர்ல சரியாகுமா?

சோல்டர்கம்பி:
பெண்டிரைவ ஃபேட்32-ல ஃபார்மட் பண்ணுங்க, எக்ஸ்ஃபேட் பல பிளேயருக்குத் தெரியாது. ஃப்ளாக் (தரம் குறையாம சுருக்கின) பாட்டு வச்சிருந்தா அட்டையில ஃப்ளாக் இருக்கான்னு பாத்துக்கோங்க.

எஃப்எம்முக்கு ஆண்டெனாவப் பாருங்க. அதுல பூஸ்டர் இருந்தா பிளேயரோட நீல ஒயர்தான் அதுக்கு கரண்ட் கொடுக்கும். அத இணைக்காம தொங்க விட்டுட்டா புது பிளேயர் பழசவிட மோசமா இழுக்கும். நீலத்துல வெள்ளைக் கோடு போட்டது ஆம்ப்ளிஃபயருக்கு, அது வேற. டேஷ்கேம் இருந்தா அதோட சார்ஜர உருவிட்டு ஒரு தடவ கேட்டுப் பாருங்க. மலிவு சார்ஜர் எஃப்எம்ம முழுங்கும்.

வாங்கறதுக்கு முன்னாடி டேஷ்போர்டு வாயையும் அளந்துடுங்க. 200 மிமீ இருந்தா, 178 மிமீ பிளேயருக்கு ரெண்டு பக்கமும் இடைவெளிய அடைக்க 11 மிமீ கட்டை வேணும். அதையும் சேத்து விலை பேசுங்க.