ஸ்நேர் கிண்ணென்கிறது

குழு: அருவங்காடு, குன்னூர், கோவை வீடுகள்

நான்: மாமா, பழைய ட்ரம் செட் வந்துவிட்டது. கீழே கம்பி வைத்த சின்ன ட்ரம்மான ஸ்நேரில் ஓர் அடி அடித்தால் கோயில் மணி மாதிரி கிண்ண்ண்ண் என்று இழுக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிக்க வேண்டும்.

அம்மா: அண்ணா, பக்கத்து வீட்டு டீச்சர் இரண்டு முறை வந்து கதவைத் தட்டிவிட்டார்.

மாமா: என்ன செய்து பார்த்தாய் மாப்ளே?

நான்: மேலே கைக்குட்டை வைத்து டேப் ஒட்டினேன். இப்போது அட்டைப்பெட்டியைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது.

மாமா: மெல்லிசைக் குழுவில் நானும் முதல் வருஷம் அதைத்தான் செய்தேன். எல்லாவற்றையும் பிய்த்து எடு.

சித்தி: இந்த மழையில் தோல் இளகியிருக்கும் கண்ணா. பறையைக் காய்ச்சுவது போல அடுப்பில் கொஞ்சம் காட்டு.

மாமா: ஐயோ, காட்டிவிடாதே! அது தோலே இல்லை, மைலார் பிளாஸ்டிக். 1950களின் பிற்பாதியிலிருந்து அதுதான். ஈரம் குடிக்காது, நெருப்பில் பாழாகிவிடும்.

மாமா: ஸ்நேர் கம்பியைத் தளர்த்திவிடு. நடுவில் ஒரு விரலை லேசாக வைத்துக்கொண்டு, சுற்றிலும் இருக்கிற எட்டு போல்ட்டில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே தட்டு. எட்டும் ஒரே சுருதியா?

நான்: இல்லை. மூன்றாவது ரொம்ப இறக்கம். ஆறாவது கீச்சென்கிறது.

மாமா: உன் மணி அங்கேதான் இருக்கிறது. ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதே. ஒன்றை இறுக்கினால் அடுத்தது அதற்கு நேர் எதிரே. ஆறாவதை நன்றாக இறக்கிவிட்டு, அப்புறம் மெல்ல ஏற்றிக்கொண்டு வா.

சித்தி: மிருதங்கத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. வெறும் வட்டத் தோலில் அடிச்சுருதி 1 என்றால் அடுத்தவை 1.59, 2.14 என்று எதனோடும் சேராமல் நிற்கும். வலப்பக்கத் தோலான வலந்தலையில் இருக்கிற கரணை என்கிற கறுப்பு வட்டம்தான் அவற்றை ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது. சி.வி. ராமன் 1920லேயே ‘நேச்சர்’ இதழில் எழுதிவிட்டார்.

மாமா: சரி தங்கச்சி, ட்ரம்முக்குக் கரணை போட முடியாதே. மாப்ளே, ட்ரம் முகத்து பிளாஸ்டிக்கான ஹெட், கிழிந்த பழையது ஒன்று இருந்தால் ஓர் அங்குல அகலத்துக்கு வளையமாக வெட்டி, ஓரத்தை ஒட்டி மேலே போடு. டேப் வேண்டாம். அந்தக் கிண் ஒலியைத் தருகிற மேல்சுருதிகளுக்கு ஓரத்துப் பக்கம் ஆட்டம் அதிகம். அதை அமுக்கினால் போதும், நடுவைத் தொடாதே.

பாட்டி: என் நீலக் கம்பளியை யாராவது பார்த்தீர்களா? ராத்திரி முழுக்கக் குளிரில் நடுங்கினேன்.

நான்: பாட்டி… அது பேஸ் ட்ரம்முக்குள் இருக்கிறது.

மாமா: கம்பளியெல்லாம் எதற்குடா? பழைய துண்டு ஒன்றைச் சுருட்டி, இரண்டு பக்க ஹெட்டிலும் லேசாகப் படுகிற மாதிரி வை.

நான்: மாமா, வளையம் போட்டாயிற்று. ஸ்நேர் அடங்கிவிட்டது. ஆனால் பக்கத்து ட்ரம்மான டாமை அடித்தால் ஏதோ ங்ர்ர் என்கிறது. ஸ்நேர் கம்பி தளர்ந்துதான் இருக்கிறது, அப்படியும் வருகிறது.

அம்மா: அது என் ஷோகேஸ் கண்ணாடி. கையை வைத்தேன், நின்றுவிட்டது.

மாமா: 😂 அதற்கு ஒட்டு உன் டேப்பை.

நான்: ஸ்நேரில் இன்னும் ஒரு துளி ஒலி இருக்கிறது மாமா. டேப் ஒன்று ஒட்டவா?

மாமா: வேண்டாம். ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிற உனக்குத்தான் அது கேட்கும். மற்றவர்கள் பாடும்போது அதில் கரைந்துவிடும். சந்தேகமாக இருந்தால் சர்ச்சில் கடைசி பெஞ்சில் யாரையாவது உட்கார வைத்துக் கேட்கச் சொல்.

பாட்டி: நான் உட்காருகிறேன். முதலில் கம்பளியைக் கொடு.