செயற்கைப் புல்லில் பேஸ்பால், சாஃப்ட்பால்: பிள்ளைக்கு என்ன ஷூ வாங்குவது?

டாலஸ் பக்கம் புதிதாக வந்தவர்கள் பிப்ரவரி பிறந்ததும் கேட்கிற கேள்வி இது, அதனால் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். பிள்ளையை லிட்டில் லீகில் (சிறுவர் பேஸ்பால், சாஃப்ட்பால் அமைப்பு) சேர்த்தாயிற்று, க்ளீட்ஸ் (அடியில் கட்டை வைத்த ஷூ) வாங்குங்கள் என்று கோச் மெயில் போட்டுவிட்டார், கடைக்குப் போனால் சுவர் முழுக்க ஷூ. எதையாவது எடுப்பதற்கு முன் கோச்சிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ஆட்டம் எந்தத் தரையில்? மண்ணும் புல்லுமா, முழுக்கச் செயற்கைப் புல்லா, இல்லை பேஸ்கள் இருக்கிற உள்வட்டம் மட்டும் செயற்கையா? பதில் செயற்கைப் புல் என்றால் முதல் ஜோடி டர்ஃப் ஷூவாகவே இருக்கட்டும்.

டர்ஃப் ஷூ என்பது அடியில் சின்னச் சின்ன ரப்பர் குமிழ்கள் நிறைய உள்ள ஷூ. க்ளீட்ஸில் உயரமான கட்டைகள் கொஞ்சமாகத்தான் இருக்கும், பிளாஸ்டிக்கிலோ ரப்பரிலோ வார்த்திருப்பார்கள். அடியில் உலோக ஆணி வைத்த மெட்டல் ஸ்பைக்ஸ் தனி ரகம். இப்போதைய செயற்கைப் புல்லில் பிளாஸ்டிக் இழைகளுக்கு நடுவே மணலும் பழைய டயரை அரைத்த ரப்பர் துணுக்கும் கொட்டியிருப்பார்கள். உயரமான கட்டை அதில் ஆழமாக மாட்டிக்கொள்ளும், அப்புறம் பேட்டை வீசும்போது உடம்பு திரும்புகிறது, பாதம் திரும்பாமல் அங்கேயே நிற்கிறது, நடுவில் இருக்கிற முழங்காலும் கணுக்காலும் வாங்கிக் கட்டிக்கொள்கின்றன. குமிழ் வைத்த ஷூ தேவையான அளவு பிடித்து, திரும்பும்போது விட்டுக்கொடுக்கும்.

மெட்டல் பற்றி யோசிக்கவே வேண்டாம். லிட்டில் லீகில் மேஜர்ஸ் பிரிவு வரைக்கும், அதாவது ஏறக்குறைய 12 வயது வரை, அதற்கு அனுமதியே இல்லை. பெரிய பிள்ளைகளுக்கு விதி இடம் கொடுத்தாலும் புல் கிழியும் என்று பல டர்ஃப் மைதானங்களில் வாசலிலேயே தடைப் பலகை இருக்கும். ஆபீஸ் சாஃப்ட்பால் அணியில் சேர்ந்திருக்கிற அண்ணன்மார்களுக்கும் இதுதான். ஊரிலிருந்து கொண்டுவந்த கிரிக்கெட் ஷூ அடியில் ரப்பர் குமிழ் உள்ளதென்றால் தாராளமாகப் போடலாம், ஆணி வைத்ததைப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள்.

அடுத்தது சூடு. 1966-ல் நம்ம ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம் அரங்கில் செயற்கைப் புல் போட்டு மேஜர் லீக் (தொழில்முறை பேஸ்பால்) ஆடினார்கள், ஆனால் அங்கே தலைக்கு மேல் கூரை இருந்தது. பிள்ளைகள் ஆடுவது திறந்த வெளியில். ஜூன், ஜூலை மதிய வெயிலில் இந்தத் தரை 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும், இயற்கைப் புல் அந்த அளவுக்குப் போகவே போகாது. அதனால் அடிப்பாகம் கொஞ்சம் தடிமனாக, மேல்பகுதி காற்றுப் போகிற வலைத்துணியாகப் பாருங்கள். பந்து வீசுகிற பிள்ளை பின்னங்காலை இழுத்துத் தேய்க்கும், அவர்களுக்கு மட்டும் முன்விரல் பக்கம் ரப்பர் மூடியது வேண்டும், இல்லாவிட்டால் சீசன் முடிவதற்குள் ஓட்டை.

அளவில்தான் நம்மவர்கள் குழம்புவது. ஊரில் ஷூவில் போட்டிருக்கிற எண் பெரும்பாலும் பிரிட்டிஷ் அளவு, இங்கே ஆண்களுக்கு ஏறக்குறைய ஒன்று கூட்ட வேண்டும். சிறுவர் அளவு 13.5 வரை போய் மறுபடி 1-லிருந்து தொடங்கும். சாஃப்ட்பால் ஆடுகிற மகளுக்குப் பெண்கள் அளவு 6.5 என்றால் சிறுவர் அளவில் 5 பொருந்தும், பெரும்பாலும் விலையும் குறைவு. நம் பிள்ளைகள் பலருக்கு முன்பாதம் அகலம். நியூ பேலன்ஸில் அகல அளவுகள் தனியாகக் கிடைக்கின்றன, மற்றதை எல்லாம் போட்டுப் பார்க்காமல் ஆன்லைனில் வாங்காதீர்கள். ஆட்டத்துக்குப் போடுகிற தடித்த சாக்ஸோடு, சாயங்காலம் போய்ப் போட்டுப் பாருங்கள், அந்நேரம் பாதம் கொஞ்சம் உப்பியிருக்கும். வளர்ந்துவிடுவான் என்று இரண்டு அளவு பெரிதாக எடுத்தால் ஓடும்போது குதிகால் கழன்று வரும்.

காசு மிச்சம் பிடிக்க நினைப்பவர்களுக்கு: பழைய விளையாட்டுச் சாமான் விற்கிற பிளே இட் அகெய்ன் ஸ்போர்ட்ஸில் அதிகம் தேயாத ஜோடிகள் கிடைக்கும், பிள்ளைகளுக்குத்தான் தேய்வதற்குள் சிறிதாகிவிடுகிறதே. ஆகஸ்டில் டெக்சாஸ் அரசு தருகிற வரியில்லா வார இறுதிக்காகக் க்ளீட்ஸைத் தள்ளிப்போட வேண்டாம், விளையாட்டுக்கு மட்டுமே போடுகிற காலணிக்கு அந்தச் சலுகை கிடையாது. டீ-பால் (கம்பத்தின் மேல் வைத்த பந்தை அடிப்பது) ஆடுகிற நாலைந்து வயதுக் குழந்தைக்கு எதுவுமே வாங்க வேண்டாம், ஸ்கூல் ஷூ போதும்.

டர்ஃப் ஷூ பேட்டிங் கேஜுக்கும் (பயிற்சிக்கான வலைக்கூண்டு) காய்ந்த மண் மைதானத்துக்கும் சரிப்படும். மழை பெய்து ஈரமான நிஜப் புல்லில் மட்டும் வழுக்கும், அணி அப்படிப்பட்ட மைதானத்திலும் ஆடுகிறது என்றால் வார்த்த க்ளீட்ஸ் ஒரு ஜோடி இரண்டாவதாக வாங்குங்கள். ஆட்டம் முடிந்ததும் காரில் ஏறுவதற்கு முன்பே ஷூவைக் கழற்றித் தட்டச் சொல்லுங்கள், கறுப்பு ரப்பர் துணுக்கு கார்ப்பெட்டில் ஏறிவிட்டால் வாக்யூம் போட்டும் லேசில் போகாது.