நத்தைத் தொட்டி மண்ணை வறுத்துப் போடலாமா?

கேள்வி:
கார்னு ஆஸ்பெர்சம் இன நத்தைகளை மண் தொட்டிகளில் வளர்க்கிறேன். ஒரு தொட்டியில் முட்டைகள் பொரியவே இல்லை. கிளறிப் பார்த்தால், வெள்ளையாக இருக்க வேண்டியவை இளஞ்சிவப்பாக மாறி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. பெரிய நத்தைகளும் ஓட்டுக்குள் ஒடுங்கிக்கொண்டு தீனியைத் தொடுவதில்லை. மண்ணில் புளித்த வாடை அடிக்கிறது. மொத்த மண்ணையும் வறுத்துவிட்டால் சரியாகுமா?

பதில் 1:
முட்டை சிவப்பது பெரும்பாலும் ஃபியூசேரியம் பூஞ்சையால். நத்தை மண்ணில் குழி பறித்து முட்டையிடுவதால், மண் கெட்டால் முதல் அடி முட்டைக்குத்தான். சிவந்த குவியலைச் சுற்றியுள்ள மண்ணோடு சேர்த்து அள்ளி அகற்றுங்கள். பெரியவற்றின் சோர்வுக்கு சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியாவும் காரணமாக இருக்கலாம். அது குடலைத் தாக்கும். நெரிசலான தொட்டியில் கழிவு வழியே வேகமாகப் பரவும். சோர்ந்தவற்றை இன்றே பிரித்து வையுங்கள்.

பதில் 2:
தயவுசெய்து வறுக்காதீர்கள். வறுத்த மண் ஆளில்லாத வீடு மாதிரி. முதலில் நுழைவது யாரோ அவர்கள் வைத்ததுதான் சட்டம். நோய்க்கிருமியோடு இடத்துக்கும் உணவுக்கும் போட்டியிடும் நுண்ணுயிர்களையும் நீங்களே கொன்றுவிடுகிறீர்கள். அதிகச் சூட்டில் மண்ணிலிருந்து அம்மோனியாவும் கிளம்பும். ஈரத் தோல் கொண்ட உயிருக்கு அது ஆகாது.

நத்தை மண்ணைத் தின்னும் பிராணி என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. சுண்ணாம்புச் சத்தோடு நுண்ணுயிர்களும் அப்படித்தான் உள்ளே போகின்றன. இலையின் நார்ச்சத்தைச் செரிப்பதில் குடல் பாக்டீரியாக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. மண் வைத்து வளர்த்த குஞ்சுகள் மண்ணில்லாமல் வளர்த்தவற்றைவிட நன்றாக வளர்ந்ததைச் சோதனைகளிலேயே காட்டியிருக்கிறார்கள்.

புளித்த வாடை என்றால் மண்ணுக்குள் காற்று போகவில்லை. ஒரு பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள்: உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் கசியக்கூடாது. கசிந்தால் தெளிப்பதைக் குறையுங்கள். எச்சமும் மீந்த தீனியும் படிந்த மேல்மண்ணை வழித்தெடுத்து, நன்றாக மக்கிய இலைமக்கும் சுண்ணாம்புக்கல் தூளும் கலந்து நிரப்புங்கள். கார அமில நிலை 7ஐ ஒட்டி இருக்கட்டும். நத்தைகளின் எண்ணிக்கையையும் குறையுங்கள். நெரிசல் தீராமல் எந்த மண்ணும் தாங்காது.

கேள்வி கேட்டவர்:
அழுத்திப் பார்த்தேன், தண்ணீர் சொட்டுகிறது. மண்புழு விடலாமா?

பதில் 2:
விடலாம். எச்சத்தைத் தின்று மண்ணைப் பொலபொலப்பாக்கும். ஆனால் இப்போது வேண்டாம். காற்றில்லாத சேற்றில் அவையும் சாகும். முதலில் ஈரம் வடியட்டும். முட்டைகளை மட்டும் தனிப் பெட்டியில், புதிய மண்ணில் பொரிக்க வையுங்கள்.