பழைய வீட்டு உத்திரம் என்ன மரம்? எப்படிக் கண்டுபிடிப்பது?

குற்றாலச்சாரல்:

தென்காசிப் பக்கம் தாத்தா கட்டின ஓட்டு வீட்டைப் பிரிச்சுக்கிட்டிருக்கோம். உத்திரம், கைமரம் (ஓட்டைத் தாங்குற சாய்வு மரம்), நிலை, கதவு எல்லாம் இறக்கி முற்றத்துல கிடக்கு. நிலையும் கதவும் தேக்குன்னு எல்லாரும் ஒத்துக்கிறாங்க. உத்திரத்துலதான் குழப்பம். பழைய மரம் எடுக்கிறவர் பார்த்துட்டு, "காட்டு மரம், விறகு விலைதான் வரும்"னுட்டார். மேஸ்திரி இருள் மரம்னு சொல்றார். அத்தை இலுப்பைங்கிறாங்க.

மேலே கன்னங்கரேல்னு இருக்கு. சுரண்டினா மஞ்சள் கலந்த பழுப்பு. ஒண்ணைப் புரட்டவே நாலு பேர் வேணும். மோந்தா காரமா ஒரு எண்ணெய் வாடை. கைமரம் எல்லாம் செதுக்காத உருண்டை மரம். சுவருக்குள்ள இருந்த ஒரு முனையில பட்டைகூட அப்படியே இருக்கு. அந்தப் பட்டை வெடிப்புல கருஞ்சிவப்பா, உடைஞ்ச கண்ணாடிச் சில்லு மாதிரி ஏதோ ஒட்டியிருக்கு.

ஒரு மேசையும் ஊஞ்சலும் செய்யணும்னு ஆசை. என்ன மரம்னு தெரியாம அறுக்கக் கொடுக்க மனசு வரல. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ரம்பத்தூள்:

தங்கச்சி, முதல்ல ஒண்ணு. எவருக்கும் இன்னும் விலை பேசிடாதீங்க. செங்கோட்டையில மர அறுவை மில்லுலதான் என் பிழைப்பு. பழைய மரத்தோட மேல்முகத்தை வச்சு விலை சொல்றவங்களைக் கண்டா எனக்கு ஆத்திரமா வரும். அந்தக் கறுப்பு மரத்தோட நிறம் இல்ல. நம்ம பக்கம் கரையானுக்குப் பயந்து முந்திரிக்கொட்டை எண்ணெய் அடிப்பாங்க. அடுப்புப் புகையும் சேர்ந்தா எந்த மரமும் அப்படித்தான் ஆகும். நீங்க சொல்ற கார வாடையும் அந்த எண்ணெயாத்தான் இருக்கும். அதனால வாடையை இப்போதைக்கு விட்டுடுங்க. முனையிலேர்ந்து ஒரு சாண் தள்ளி அறுத்து, புது முகத்தை உடனே மோந்து பாருங்க. தேக்குன்னா பழைய தோல் வாடை வரும். பூவரசுன்னா லேசா ரோசாப்பூ வாசம். ரெண்டும் இல்லைன்னா மூக்கை நம்பி மேலே போக வேண்டாம்.

எனக்கு முக்கியமாப் படறது பட்டையில இருக்கிற அந்தச் சில்லு. வேங்கை மரத்துல கத்தி பட்டா ரத்தம் மாதிரி பால் வடியும். அது காய்ஞ்சா நீங்க சொல்ற மாதிரிதான் கருஞ்சிவப்பா, நொறுங்கற பிசினா நிக்கும். குழந்தைக்கு வைக்கிற கறுப்புப் பொட்டுக்குக் காய்ச்சுறது அந்தப் பால்தான். உங்க கைமரம் வேங்கைன்னு நினைக்கிறேன். ஆனா கைமரம் வேங்கைன்னா உத்திரமும் வேங்கைன்னு ஆகாது. அந்தக் காலத்துல கிடைச்சதைக் கிடைச்ச இடத்துல வச்சுக் கட்டினாங்க. ஒவ்வொரு உத்திரத்தையும் தனித்தனியாப் பார்க்கணும்.

ஒவ்வொண்ணுலயும் உள்மரமா பத்து சென்டிமீட்டர் நீளம், அஞ்சு அகலம், நாலு கனத்துல ஒரு துண்டு எடுத்துச் சமையலறைத் தராசுல வைங்க. அது 200 கன சென்டிமீட்டர். தேக்குன்னா 130 கிராம் பக்கம் வரும். வேங்கைன்னா 160 பக்கம். இலுப்பையோ இருளோ 180, 190ன்னு போகும். கிராம் கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கலாம், மரத்துக்கு மரம் மாறும். துண்டு நல்லாக் காய்ஞ்சிருக்கணும், ஓட்டை வெடிப்பு கூடாது.

அடுத்து, அதே துண்டிலிருந்து இழைப்புச் சீவல் ஒரு பிடி எடுத்து வெள்ளைக் கண்ணாடி டம்ளர்ல தண்ணி ஊத்தி ராத்திரி ஊற வைங்க. கிணத்துத் தண்ணி நல்லது. காலையில வெயில்ல, பின்னாடி கறுப்புத் துணி வச்சுப் பாருங்க. தண்ணி மஞ்சளா இருந்து, ஓரத்துல நீலம் மின்னினா இருளும் இல்ல, இலுப்பையும் இல்ல. சர்க்கரைக்காரங்க தண்ணி ஊத்தி வச்சுக் குடிக்கிற வேங்கைக் குவளையிலயும் இதே நீலம்தான் தெரியும்.

வனம்படிக்கிறவள்:

மேட்டுப்பாளையம் வனவியல் கல்லூரி மாணவி நான். அண்ணாச்சி சொன்னதோட ஒரு எச்சரிக்கை. நீலம் மின்னறது வேங்கைக்கு மட்டும் இல்லை. அதே இனத்தைச் சேர்ந்த பர்மா படாக்கும் பிலிப்பைன்ஸ் நராவும் அப்படி மின்னும். பர்மா மரம் ஒரு காலத்துல நம்ம ஊருக்கு நிறைய வந்திருக்கு. படாக்குல செம்மை தூக்கலா இருக்கும், வேங்கையில பழுப்பு மஞ்சள். இன்னொண்ணு, கடல் தாண்டி வந்த மரம் சதுரமாச் செதுக்கித்தான் வரும். பட்டையோட இருக்கிற உருண்டைக் கைமரம் பக்கத்து மலையிலிருந்து வந்ததாத்தான் இருக்கும்.

முனை முகத்தைப் புது பிளேடால ஒரே இழுப்பா சீவி, ஈரம் தொட்டு, பத்து மடங்கு லென்ஸ்ல பாருங்க. தேக்குல பெரிய துளைகள் வருச வளையத்தோட வரிசை கட்டி நிக்கும். வேங்கையில அந்த அளவு ஒழுங்கு இருக்காது. துளைகளைத் தொட்டுத் தொட்டு மெல்லிய வெளிர் அலைக்கோடுகள் ஓடும். பக்கவாட்டுப் பலகை முகத்துல குறுக்கே நெருக்கமா நுணுக்கமான வரிகளும் தெரியலாம். உரசித் தேய்ச்ச முகத்துல இது எதுவும் தெரியாது, சீவித்தான் பார்க்கணும்.

நேர்ல ஒப்பிட்டுப் பார்க்கணும்னா கோவையில 1902ல தொடங்கின காஸ் வன அருங்காட்சியகத்துல மர மாதிரிகள் இருக்கு. எழுத்துபூர்வமா உறுதி வேணும்னா பெங்களூரு மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்துல நுண்ணோக்கியில பார்த்துச் சொல்வாங்க.

குற்றாலச்சாரல்:

அண்ணாச்சி, செஞ்சு பார்த்துட்டேன். நாலு உத்திரத்துல மூணு 156லிருந்து 161 கிராம். மூணு டம்ளர்லயும் நீலம்! அம்மா, அத்தை, பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் வந்து பார்த்தாங்க. உள்மரம் மஞ்சள் கலந்த பழுப்பு, நடுநடுவே கருங்கோடு. அலைக்கோடும் லென்ஸ்ல தெரிஞ்சது. நாலாவது மட்டும் 194. தண்ணியில நீலமே இல்லை. அறுத்த முகம் செம்பழுப்பு, தொட்டா லேசாப் பிசுபிசுக்குது.

ரம்பத்தூள்:

ரொம்ப சந்தோசம் தங்கச்சி. மூணும் வேங்கை. நாலாவது, அந்தப் பிசுபிசுப்பை வச்சுப் பார்த்தா இருள்தான். உங்க மேஸ்திரி பார்த்தது அந்த உத்திரமா இருக்கும். அவர் கண்ணு நல்ல கண்ணு. ரயில் தண்டவாளத்துக்கு அடியில போட்ட மரம் அது. ஈரத்துக்கும் கரையானுக்கும் அசையாது. அதை முற்றத்துல திண்ணைப் பலகையாவோ வெளித்தூணாவோ வைங்க. மேசைக்கு வேண்டாம், தூக்கவும் முடியாது, உளியும் இறங்காது.

மேசையும் ஊஞ்சலும் வேங்கையில செய்யுங்க. ஒரு விசயம் ஆசாரிகிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க. வேங்கை ஈரம் பட்டா மஞ்சள் விடும். வெள்ளைத் துணியும் சுண்ணாம்புச் சுவரும் கறையாகும். அதனால மேசைப் பலகைக்கு அடி, ஓரம் விடாம எல்லாப் பக்கமும் பாலீஷ் ஏத்தணும். இழை இப்படியும் அப்படியும் மாறி ஓடற மரம். ஒரே பக்கமா இழைச்சா பிய்ச்சுக்கிட்டு வரும். கூர்மையான இழைப்புளியில மெல்லிசா எடுத்துட்டு, கடைசியில சுரண்டியும் உப்புத்தாளும் போட்டு முடிக்கச் சொல்லுங்க.

மில்லுக்கு ஏத்தறதுக்கு முன்னாடி ஆணி எல்லாத்தையும் பிடுங்கணும். உடைஞ்சு உள்ளேயே நிக்கிற ஆணி கண்ணுக்குத் தெரியாது. நல்ல காந்தம் ஒண்ணை நூல்ல கட்டி மரத்தை ஒட்டி நகர்த்துங்க, ஆணி மேலாக இருந்தா இழுக்கும். ஆழத்துல இருக்கிறதைக் கண்டுபிடிக்க மில்லுக்காரங்ககிட்ட மெட்டல் டிடெக்டர் இருக்கான்னு கேளுங்க. ரம்பம் போனா போகட்டும், பல்லு தெறிச்சா அறுக்கிற ஆளுக்கு ஆபத்து. அறுத்த பலகையை நிழல்ல, இடையில ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) கொடுத்து அடுக்கி, ஒரு மாசமாவது ஆற விட்டுட்டு வேலையைத் தொடங்கச் சொல்லுங்க.